கேள்வியிலிருந்து தறியை எடுத்தபோது

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளை நூலகத்துக்கு, எடுத்துப்போன நாவலைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். உள்ளே மின்விசிறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றில்கூட ஆள் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த நூலகர் மேடம் மட்டும் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சும்மா புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். "இன்னா மேடம், பொண்ணு பாக்க யாருனா வராங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தெற்கே எங்கோ இருந்து வந்தவர். கோபப்படாமல் சிரித்தார். நெசவாளர் குடும்பங்களுக்காக ஒரு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தாராம். நூலகத்தில் ஒரு விஷயத்தை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது, கைபேசியில் இருக்கும் ஏஐயிடம் எப்படிக் கேட்பது, அது சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று நாமே பழகிக்கொள்ளும் வகுப்பு. தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டியும் ஒருவரும் வரவில்லை.

"எந்தக் கிழமை வெச்சா நல்லாருக்கும்னு ஏஐகிட்டயே கேட்டேன்க்கா. ஞாயிறு காலையில பத்து மணின்னு சொல்லிச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தறிக்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணுதான், செவ்வாக்கெழமையும் ஒண்ணுதான் மேடம். எங்களுக்கு லீவு அமாவாசைக்குத்தான். அன்னிக்கு எந்த வூட்லயும் தறி ஓடாது. படையல் போட்டு, சாப்ட்டு, மத்தியானத்துக்கு மேல சும்மாதான் குந்திக்கினு இருப்போம். அப்ப வைங்க."

"இது ஏஐக்குத் தெரியலையே."

"அது தறி நெய்யலையே மேடம்."

அவர் அந்த நிமிடமே நாட்காட்டியில் அமாவாசையைத் தேடி வட்டம் போட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. யோசனை சொன்னது நீங்கள், முதல் ஆளாக வர வேண்டியதும் நீங்கள் என்று என் பெயரை எழுதிக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. நாலு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டு நெய்கிற குடும்பம். கூடத்தில் குழித்தறி. தரையில் குழி வெட்டியிருக்கும். நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிப்பார். நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு ஒருவர் போதாது. என் வீட்டுக்காரர் நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் வைத்த நாடாவைக் குறுக்கே ஓட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து பகலெல்லாம் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் ஜோடி நாங்கள். சண்டை போட்டால்கூட எழுந்து போக முடியாது. நாடாவை ஓட்டிக்கொண்டே சண்டை போட வேண்டும்.

அந்த நாட்களில் அவர் கால் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் விரல் நுனி. பிறகு பாதம் முழுக்க. எழுந்து நடக்கும்போது பஞ்சின் மேல் நடப்பது மாதிரி இருக்கிறது என்பார். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் எந்த வலிக்கும் ஒரே காரணம்தான். முதுகு வலித்தால் தறி. கண் மங்கினால் தறி. முட்டி பிடித்துக்கொண்டால் தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தால் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? அவருடைய அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்தது, எதிர் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்.

மாசி அமாவாசை வந்தது. படையல் முடித்து, காக்கைக்குச் சோறு வைத்து, சாப்பிட்டு நூலகத்துக்குப் போனேன். இந்த முறை நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பக்கத்து வீட்டில் நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிற பெண்ணையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். செவிலிமேட்டிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கூரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி. மற்றவர்கள் எல்லாம் எங்கள் தெருப் பெண்கள்.

மேடம் எழுந்து நின்று, "நான் பாடம் நடத்தப் போறதில்ல. ஆளுக்கு ஒரு கேள்வி வெச்சுக்கோங்க. எனக்காக இல்ல, உங்களுக்கு நெசமாவே பதில் வேணும்கிற கேள்வி. அதை நீங்கதான் தேடணும். வழி தெரியலைன்னா மட்டும் என்னைக் கேளுங்க" என்றார்.

இது நல்ல வேலையாக இருக்கிறதே, சம்பளம் வாங்குவது இவர், தேடுவது நாமா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் காதில் சொன்னேன். மேடத்துக்கும் கேட்டுவிட்டது. சிரித்தார்.

கண்டக்டர், பாலாற்றில் தண்ணீர் எப்போதெல்லாம் ஓடியது என்று தேடப் போவதாகச் சொன்னார். கூரத்துப் பெண், தன் ஊரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று. ஊர்ப் பெருமை பேசுகிறார்களே தவிர, அதில் உள்ளதை ஒருத்தரும் தனக்குச் சொன்னதில்லை என்றாள். என் முறை வந்தபோது, வீட்டுக்காரர் காலைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மேடம் கைபேசியில் எப்படிப் பேசிக் கேட்பது என்று காட்டினார். மகன் வாங்கிக் கொடுத்த போன். அதுவரை சீரியல் பார்க்கவும், மகனைத் திட்டவும்தான் அது பயன்பட்டது. அதை வாயருகே வைத்துக்கொண்டு கேட்டேன்: "குழித்தறியில உக்காந்து நெய்யறதால எங்க வூட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போவுது. இன்னா பண்ணலாம்?"

கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நல்ல தமிழில், பாயிண்ட் பாயிண்டாக. நீண்ட நேரம் ஒரே நிலையில் உட்காருவதால் இரத்த ஓட்டம் குறையலாம், நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும், தொடைக்குக் கீழே மெத்தை போட வேண்டும், கால்களை நீட்டி மடக்க வேண்டும், வெதுவெதுப்பான நீரில் நனைக்கலாம். அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நான் நினைத்ததையே அது சொல்லிவிட்டதே! அந்தப் பெருமையில் போனைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

மேடம் வந்து பார்த்தார். "சரிக்கா. இப்ப அலமாரிக்குப் போய், இது சரிதான்னு சொல்ற ஒரு பக்கத்தை எடுத்துட்டு வாங்க. ஏஐ சொன்னா மட்டும் நான் கணக்குல வெச்சுக்க மாட்டேன். பக்கத்தைக் காட்டணும்."

அதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. பக்கத்தை அடுத்த அமாவாசைக்குக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பதில் கையில் கிடைத்த பிறகு பக்கம் எதற்கு என்றுதான் மனசுக்குள் இருந்தது.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. பழைய தலையணையைப் பிரித்து மெத்தை தைத்துத் தறி விளிம்பில் போட்டேன். சாயங்காலம் தறியிலிருந்து எழுந்ததும் ஒரு பக்கெட் வெந்நீரில் கல் உப்புப் போட்டு அவர் காலை நனைக்கச் சொன்னேன்.

"இன்னாடி இது, வெந்நீருன்னுட்டு பச்சைத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கற?" என்று கேட்டார் முதல் நாளே.

மறுநாள் கொஞ்சம் சூடு கூட்டினேன். "சூடே இல்ல" என்றார். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். என்ன செய்தாலும் குறை சொல்கிற மனிதர், சாம்பாரில் உப்புக் குறை சொல்கிற மாதிரி இதிலும் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிக் கொண்டுவந்து ஊற்றினேன். ஆவி பறந்தது. கலக்குவதற்காகக் கையை விட்டவள் சுரீரென்று வெளியே இழுத்துக்கொண்டேன். அவரோ இரண்டு காலையும் உள்ளே விட்டு, டி.வி. செய்தியைப் பார்த்துக்கொண்டு, "இப்பதான்டி லேசா இருக்குது" என்றார்.

தறிக்காரன் கால், மரக்கட்டை மாதிரி உறுதி என்று நினைத்துக்கொண்டேன். என் கை தாங்காத சூட்டை அவர் கால் எப்படித் தாங்கியது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

பங்குனி அமாவாசை வகுப்பு. கூரத்துப் பெண் செப்பேட்டைப் பற்றிய ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்து நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஏஐ சொன்னதில் ஒரு ஊர்ப் பெயர் தப்பு என்று புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் மட்டும் கையை வீசிக்கொண்டு போயிருந்தேன்.

அன்று மேடம் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, போன மாதக் கேள்வியை எழுதச் சொன்னார். "இப்ப உங்க கேள்வியைப் பாருங்க. அதுக்குள்ளயே நீங்க முடிவு பண்ணி வெச்சிருக்கிற பதில் ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். அது எந்தச் சொல்லுன்னு கண்டுபிடிச்சு அடிங்க. அடிச்சுட்டு மறுபடி தேடுங்க. நாம பதிலையும் சேத்துக் கேட்டா, ஏஐயும் பெரும்பாலும் நம்ம கூடவே தலையாட்டிடும். புத்தகத்தையும் நாம அப்படித்தான் புரட்டுவோம்."

என் காகிதத்தைப் பார்த்தேன். குழித்தறியில் உட்கார்ந்து நெய்வதால் என் வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போகிறது. அடிக்க என்ன இருக்கிறது? எல்லாம் உண்மைதானே?

மேடம் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "தறியாலதான்னு யாருக்கா சொன்னது?"

"யார் சொல்லணும்? தெருவுக்கே தெரியும்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர்கிட்ட எங்க போனோம்?"

"அப்ப அதை அடிங்க."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னாம்மா இது? தறிய அடிச்சுட்டா எங்க வூட்டுக்காரர்கிட்ட மிச்சம் இன்னா இருக்குது?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த மனிதர் தறியில்தான் இருக்கிறார். நல்லது கெட்டது எது நடந்தாலும் தறியை வைத்துத்தான் எங்களுக்கு யோசிக்கத் தெரியும். ஊரார் முன்னால் அதை அடிக்கச் சொன்னால் கை வரவில்லை. மேடம் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். விட மாட்டார் போலிருக்கிறதே என்று ஒரு கோடு போட்டேன். காகிதத்தில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: என் வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போகிறது.

அதைப் போனில் கேட்டேன். இந்த முறை அது பாயிண்ட் பாயிண்டாகப் பதில் சொல்லவில்லை. திருப்பி என்னைக் கேட்டது. அவருக்கு வயது என்ன? ஒரு காலிலா, இரண்டு காலிலுமா? விரலில் தொடங்கி மேலே ஏறுகிறதா? அடிக்கடி தாகம் எடுக்கிறதா, இரவில் பல முறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா? சர்க்கரை நோய்க்குச் சோதனை செய்திருக்கிறீர்களா? சூடும் குளிர்ச்சியும் பாதத்தில் தெரிகிறதா? உள்ளங்காலில் புண்ணோ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

"கேட்டா பதில் சொல்லணும். இது இன்னா மாமியார் மாதிரி நம்மளயே கேள்வி கேக்குது?" என்று முணுமுணுத்தேன். ஆனால் அந்தச் சூடும் குளிர்ச்சியும் என்ற இடத்தில் மனசு லேசாக இடறியது.

மேடம் மருத்துவப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியைக் காட்டினார். எந்தப் புத்தகம் என்று சொல்லவில்லை. முன்னால் உள்ள பொருளடக்கத்தைப் பார்க்கவும், கடைசிப் பக்கங்களில் சொற்கள் வரிசையாக இருந்தால் அதில் தேடவும் மட்டும் சொல்லிக் கொடுத்தார். நரம்பு என்று தேடினேன், சரியாக அகப்படவில்லை. பாதம் என்று தேடினேன். சர்க்கரை நோயைப் பற்றி ஒரு டாக்டர் தமிழில் எழுதியிருந்த தடிப் புத்தகத்தில், பாதங்களைக் காப்பது என்று ஒரு பகுதியே இருந்தது. தரையில் உட்கார்ந்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன்.

கால் மரத்துப்போவது விரல்களில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். பஞ்சில் நடப்பது போலத் தோன்றும். வலி தெரியாததால் புண் வந்தாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கடுத்த வரி: மரத்துப்போன கால்களை ஒருபோதும் வெந்நீரில் நனைக்கக் கூடாது, வெந்துபோனாலும் தெரியாது.

அந்த வரியில் விரல் நின்றுவிட்டது. ஆவி பறந்த பக்கெட் கண் முன்னால் வந்தது. சூடே இல்லை, சூடே இல்லை என்று அவர் ஒவ்வொரு நாளும் சொன்னது காதில் கேட்டது. அவர் குறை சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். புத்தகத்தை விரித்தபடி மேடத்திடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "அக்கா, நீங்க இப்பவே வீட்டுக்குப் போங்க. அவர் உள்ளங்காலைப் பாருங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். வழியில் செருப்பு ஒன்று வார் அறுந்துவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். லுங்கிக்குள் காலை மடக்கி வைத்திருந்தார்.

"ன்னாங்க, காலைக் காட்டுங்க."

"எதுக்குடி?"

"உள்ளங்கால்ல புண்ணு கிண்ணு இருக்குதான்னு பாக்கணும்."

"தறிக்காரன் கால்ல புண்ணு இல்லாம பூவா பூத்திருக்கும்? போய் டீ போடு." திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் இழுக்க, அவர் உதற, அது ஒரு மல்யுத்தமாகிவிட்டது. சர்க்கரையாக இருக்குமோ என்று வாயைத் திறந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சித்திரைக் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை தறியில் பாதியில் இருக்கிறது, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி என்று ஆரம்பிக்காதே என்று கத்தினார்.

எனக்கு என்ன தோன்றியதோ, போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "நான் கேக்கல. இது கேக்குது. இதுக்கு பதில் சொல்லுங்க" என்று ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன்.

பெண்டாட்டி கேட்டால் எரிந்து விழுகிற மனிதர், போன் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து பதவிசாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு காலிலும்தான். விரலிலிருந்துதான் தொடங்கியது. தாகமா? ஆமாம், தண்ணீர்ச் சொம்பு பக்கத்திலேயே வேண்டியிருக்கிறது. ராத்திரி எழுந்திருப்பதா? அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னார். இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தும் எனக்கு அது தெரியாது. உள்ளங்காலைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, அவராகவே இடது காலைத் தூக்கி மடக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வலது காலை மடக்க முடியவில்லை. "நீயே பாரு" என்று என் பக்கம் நீட்டினார்.

டார்ச் லைட்டை அடித்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிப்போய், நடுவில் குழியாக இருந்தது. உள்ளே, மூங்கில் மிதியிலிருந்து பெயர்ந்து ஏறிய சிம்பு ஒன்று கருப்பாகத் தெரிந்தது. குதிகாலில் தண்ணீர் கட்டிய கொப்புளம், அது என் கைங்கரியம். சிம்பைச் சுற்றி அழுத்தினேன். "வலிக்குதா?"

"எங்க?" என்றார்.

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இது எப்ப ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. பகலெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கையைப் பார்த்தேன், நாடாவைப் பார்த்தேன், கரையைப் பார்த்தேன். கால் மட்டும் எப்போதும் குழிக்குள்ளேயே இருந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "ஆட்டோவக் கூப்புடு" என்றார்.

சாயங்காலத்தில் திறக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டர் அம்மா விரலில் ஊசி குத்திச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, கருவியை எங்கள் பக்கம் திருப்பிக்கூடக் காட்டவில்லை. சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. புண்ணைப் பார்த்தார். கொப்புளத்தைப் பார்த்தார். "வெந்நீர் ஊத்தினது யாரு?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிம்பை எடுத்து, கெட்டுப்போன சதையை வெட்டி, நாள் கணக்கில் கட்டு மாற்றினார்கள். விரலை எடுக்க வேண்டிவருமா என்று முதல் சில நாட்கள் டாக்டர்களே நிச்சயமாகச் சொல்லவில்லை. அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. வார்டு ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் புண் உள்ளிருந்து சிவந்து ஆறத் தொடங்கியது. விரல் தப்பியது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலோட நின்னிருக்காதும்மா, காலையே பாத்திருக்கணும். உள்ளங்காலைப் பாக்கணும்னு யார் சொன்னாங்க?" என்று ஒரு டாக்டர் கேட்டார். லைப்ரரி என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெம்பு இல்லை.

சித்திரைக் கல்யாணச் சேலையை எதிர் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். தங்கள் தறி வேலை போக மிச்ச நேரத்தில் செய்தார்கள். அதற்குப் பதிலாக நான் செய்தது ஒன்றுதான். எதிர் வீட்டுக்காரருக்கும் கால் மரத்துப்போகும் என்றேனே, அவரைச் சண்டை போட்டுச் சர்க்கரைக்குச் சோதிக்க அனுப்பினேன். அவருக்குச் சர்க்கரை இல்லை. அவருக்கு நிஜமாகவே தறிதான் காரணமாம், இடுப்பில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று இன்றுவரை என்னைக் கேலி செய்கிறார். செய்யட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மேடத்தைப் பார்க்கப் போனேன். நடந்ததைக் கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துவிட்டது. முதல் பதில் தன் வகுப்பில் கிடைத்தது, அதை வைத்துத்தானே வெந்நீர் ஊற்றினீர்கள் என்று கலங்கினார். இரண்டு பேருமாகப் போனில் அந்தப் பழைய பதிலைத் தேடி எடுத்தோம். நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே, கடைசியில், இருந்தது: மரத்துப்போதல் நீடித்தால் சர்க்கரை நோய் முதலிய காரணங்கள் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றுதான் அதிலும் போட்டிருந்தது. கொதிக்க வைத்தது நான். எனக்குப் பிடித்த வரி வந்ததும் படிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

மேடம் அடுத்த வகுப்புக்கு முன் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தார். கடைசி வரி வரை படிக்க வேண்டும், பக்கத்தைக் காட்டாமல் எதையும் செய்து பார்க்கக் கூடாது, உடம்பைப் பற்றிய கேள்வி என்றால் பக்கத்தைப் பார்த்த பிறகு டாக்டரைப் பார்க்க வேண்டும். அது இன்னும் அழியாமல் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கால் ஆறித் தறிக்குத் திரும்பியபோது இன்னொரு சிக்கல். பாதத்தை மூடிக்கொள்ளாமல் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறிக்குச் செருப்புக் காலோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் ஒரேயடியாக மாட்டேன் என்றார். பிறகு அவரே டாக்டரிடம் கேட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். தறிக்கென்றே தனியாகத் தடித்த பருத்திக் காலுறை, மிதிகளுக்கு மெத்தென்று துணி சுற்றல், குழிக்குள் தினமும் டார்ச் அடித்துக் கூட்டல். சாக்ஸ் போட்டு நெய்கிற ஆபீசர் என்று தெருவில் பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்ததும் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். இந்த வயதில் காலுக்கு அழகு பார்க்கிறீர்களா என்று நானும் விடுவதில்லை.

அமாவாசை வகுப்புக்கு இப்போது அவரும் வருகிறார். முதல் நாள் அவர் காகிதத்தில் எழுதிய கேள்வி: சர்க்கரை உள்ளவர்கள் மாம்பழம் சாப்பிடுவது ஏன் நல்லது? மேடம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் நல்லது என்பதை அடித்துவிட்டு, உர்ரென்று அலமாரிப் பக்கம் போனார். பக்கத்தோடுதான் திரும்பி வந்தார்.

எனக்கு எதைப் பற்றியாவது, யாரைப் பற்றியாவது கோபமாக ஒரு கேள்வி எழும்போதெல்லாம், அதில் நானே முடிவு கட்டி வைத்திருக்கும் சொல் எது என்று இப்போது தேடிப் பார்க்கிறேன். பல சமயம் அகப்படுகிறது, அடிக்க மனசு வருவதில்லை. அன்றைக்கும் தறி என்ற சொல்லை அடிக்க எனக்கு அப்படித்தான் வலித்தது. அதை அடித்ததால்தான் இன்று காலையும் அந்தக் குழிக்குள் இரண்டு கால்களும் மிதித்துக்கொண்டிருக்கின்றன, நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.